வீட்டில் ஆள் இருந்தால் ஆறு வருஷம்

சோஹார், ஓமன்
12 ஜூலை 2024

ராணிக்கு,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். கடைசியாக உனக்குக் கடிதம் எழுதியது நம் கல்யாணத்துக்கு முன்னால். அதையும் உன் அண்ணன் பிரித்துப் படித்துவிட்டான். இதை முகமது இஸ்மாயில் கையில் கொடுத்து அனுப்புகிறேன். என் பக்கத்துக் கட்டில்காரர். குமணன்சாவடிக்கு லீவில் வருகிறார். அவர் பிரிக்க மாட்டார்.

போனில் பேசினால் நமக்குச் சண்டைதான் வருகிறது. ஆறு பேர் படுக்கிற அறை இது. நான் குரலை அடக்கிப் பேசுகிறேன், உனக்கு அது கோபமாகக் கேட்கிறது.

மே மாதம் ஒப்பந்தம் முடிந்து வந்துவிடுவேன் என்று சொன்னவன்தான் நான். உன்னைக் கேட்காமல் இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். மாடியில் சோலார் போட ஐந்து லட்சத்து எண்பதாயிரம் ஆயிற்று. மானியம் எழுபத்தெட்டாயிரம் போக மிச்சம் ஐந்து லட்சம். அதை வேறு எங்கே போய்ப் புரட்டுவேன்?

மூன்று கிலோவாட் போதும், பத்து எதற்கு என்று கேட்டாய். பதிலை இப்போது எழுதுகிறேன். மண்ணூர்பேட்டையில் நாங்கள் இருந்த லைன் வீட்டில் எட்டுக் குடித்தனத்துக்கு ஒரே மீட்டர். தகரக் கூரை. பகல் பதினொன்றுக்கு வீட்டுக்காரர் மெயினை இறக்கினால் நாலு மணிக்குத்தான் ஏற்றுவார். ஒரு மே மாதம் என் தங்கைக்கு அம்மை போட்டிருந்தது. அப்பா போய் நின்றார். "இன்னிக்கி ஒரு நாளு ஃபேன் ஓடட்டும் நைனா, கொயந்த துடிக்குது" என்றார். "உனுக்கு ஓட்னா எல்லாருக்கும் ஓட்டணும் செங்கல்வராயா" என்றார் அந்த ஆள். அப்பா திரும்பி வந்து ஒரு அட்டையை எடுத்து வீச ஆரம்பித்தார். நான் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் பத்து. காவ்யாவும் மாப்பிள்ளையும் மேல்மாடியில், நாம் கீழே, அறைக்கு ஒரு ஏ.சி. என்று நினைத்தேன். எல்லாரும் இருந்தபோது இரண்டு மாதத்துக்குப் பதினைந்தாயிரம் வரை கரண்ட் பில் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கணக்கில் போட்ட பணம் ஆறு வருஷத்தில் திரும்பிவிடும். அதற்கப்புறம் பேனல் இருபது வருஷம் சும்மா கரண்ட் கொடுக்கும்.

போனை எடு. இல்லாவிட்டால் எழுதவாவது செய்.

சம்பத்

*

சேக்காடு, ஆவடி
9 ஆகஸ்ட் 2024

காவ்யா அப்பாவுக்கு,

இஸ்மாயில் பாய் வந்தார். பேரீச்சம்பழமும் கடிதமும் கொடுத்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, வாசலிலேயே நின்று "அவுரு நல்லாகீறாரும்மா, கொஞ்சம் எள்ச்சிட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். இளைத்த விஷயம் நீங்கள் எழுதவில்லை.

உங்கள் அப்பா கதையை இருபத்து மூன்று வருஷமாக என்னிடம் சொன்னதில்லை. படித்துவிட்டு அழுதேன். ஆனாலும் கோபம் போகவில்லை. இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

மாப்பிள்ளைக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது உங்களுக்குத் தெரியும். பேனலைத் தூக்கி மாட்டிய வாரத்திலேயே காவ்யா சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டாள். இப்போது இரண்டு மாடி வீட்டில் நான் ஒருத்தி. ஒரு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ், சீரியல் பார்க்க ஒரு டி.வி. மேலே பதினெட்டு பேனல்.

வயர் வேலை பார்த்த செல்வகுமார் மீட்டரைப் பார்க்க வந்தான். வெயில் இருந்தால் ஒரு நாளைக்கு நாற்பது யூனிட் வருகிறதாம். நான் செலவழிப்பது நாலோ ஐந்தோ. "மிச்சம் எங்கேடா போகுது?" என்றேன். "தெருவுக்குப் பூடுது. ஈ.பி. எட்த்துக்கும். ஆனா நாம வாங்கற வெல குடுக்க மாட்டான், ரொம்பக் கம்மி" என்றான். அப்புறம் போனைத் தட்டிக் கணக்குப் போட்டான். "ஊட்ல ஆளு இருந்தா ஆறு வர்ஷம்க்கா. நீ ஒருத்தியே கீறதா இருந்தா பாஞ்சு பதினாறு ஆவும். கரண்ட இஸ்துக்க ஆளு வேணுமில்ல?"

நான் உள்ளே போய்விட்டேன். அவன் என்ன நினைத்தானோ.

பணம் திரும்பி வர எத்தனை வருஷம் என்று எனக்கும் எழுதுகிறீர்கள், காவ்யாவுக்கும் சொல்கிறீர்கள். நீங்கள் திரும்பி வர எத்தனை வருஷம் என்று யார் கணக்குப் போட்டிருக்கிறார்கள்?

ராணி

*

சோஹார்
6 அக்டோபர் 2024

ராணிக்கு,

உன் கடிதத்தைப் பல நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். நீ கேட்ட கணக்கை விட்டுவிட்டு வேறொன்று எழுதுகிறேன், கோபிக்காதே.

செல்வகுமார் வழி சொல்லி என் போனில் ஒரு ஆப் போட வைத்திருக்கிறான். நம் மாடியில் எவ்வளவு கரண்ட் உற்பத்தியாகிறது, வீட்டுக்குள் எவ்வளவு செலவாகிறது, இரண்டும் இங்கே இருந்தே தெரியும். உற்பத்தி பச்சைக் கோடு. செலவு சிவப்பு.

நான் விடிகாலை எழும்போது அங்கே வெயில் வந்திருக்கும். பச்சைக் கோடு மெதுவாகத் தலை தூக்கும். பல் விளக்கிக்கொண்டே அதைப் பார்ப்பேன். கொஞ்ச நேரத்தில் சிவப்புக் கோடு சட்டென்று எகிறி, கால் மணி நேரம் நின்று இறங்கும். மோட்டார் போட்டிருக்கிறாய். அப்புறம் ஊசிபோல ஒன்று, அது மிக்ஸி. சட்னி அரைத்துவிட்டாய். அதற்கப்புறம் நாள் பூராவும் தரையோடு தரையாக ஒரு கோடு. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவன் "என்ன சம்பத், ஷேர் மார்க்கெட்டா?" என்று கேட்கிறான். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

இங்கே ஒரு ஆஸ்பத்திரி முழுவதையும் குளிராக வைத்திருப்பது என் வேலை. அங்கே நீ ஏ.சி. போடுவதே இல்லை என்று அந்தக் கோடு சொல்கிறது. போடேன். நம் கரண்ட்தானே.

போன வெள்ளிக்கிழமை மோட்டார் ஓடவில்லை, மிக்ஸியும் ஓடவில்லை. சனிக்கிழமையும் அப்படித்தான். எனக்கு வேலையே ஓடவில்லை. உனக்கு என்ன?

சம்பத்

*

சேக்காடு
3 நவம்பர் 2024

காவ்யா அப்பாவுக்கு,

காய்ச்சல். இரண்டு நாள் எழுந்திருக்கவே முடியவில்லை. எதிர்ச் சந்து சுரேகா கஞ்சி வைத்துக் கொண்டுவந்தாள். காவ்யாவிடம்கூடச் சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும் ஒரு கோடு சொல்லியிருக்கிறது.

முதலில் கோபம்தான் வந்தது. திருடனைப் பிடிக்கக் கேமரா வைப்பதுபோல எனக்குக் கோடு வைத்திருக்கிறீர்கள். நான் எப்போது சட்னி அரைக்கிறேன் என்று ஓமனில் பஸ்ஸில் வைத்துப் பார்க்கிறார்களாம்!

ஆனால் ஒன்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. கடிதம் வந்ததிலிருந்து மோட்டார் போடப் போகும்போதெல்லாம் முந்தானையைச் சரிசெய்துகொள்கிறேன். தலையையும் ஒதுக்கிக்கொள்கிறேன். ஸ்விட்சைத் தட்டிவிட்டு ஒரு நிமிஷம் அங்கேயே நிற்கிறேன். நீங்கள் பார்ப்பது கோடுதான், என்னை இல்லை என்று தெரியும். தெரிந்தும்தான் நிற்கிறேன்.

ஏ.சி. போடச் சொன்னீர்கள். ஒரு மத்தியானம் போட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் குளிரில் உட்கார்ந்திருப்பது ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. அணைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இளைத்தது ஏன் என்று இன்னும் எழுதவில்லை.

ராணி

*

சோஹார்
8 டிசம்பர் 2024

ராணிக்கு,

இதற்குள் போனில் உன் குரலைக் கேட்டுவிட்டேன். ஆனாலும் அந்த இரண்டு நாள் எனக்கு எப்படிப் போயிற்று என்று போனில் சொல்ல முடியவில்லை.

சென்னைக்குப் புயல் என்று இங்கே டி.வி.யில் காட்டினார்கள். சனிக்கிழமை காலை பச்சைக் கோடு தலை தூக்கி, கொஞ்ச நேரத்தில் விழுந்துவிட்டது. அப்புறம் ஆப்பில் ஒன்றுமே இல்லை. ஆஃப்லைன் என்று ஒரு வார்த்தை மட்டும். உன் போன் ஸ்விட்ச் ஆஃப். காவ்யாவுக்கும் உன்னிடம் பேச முடியவில்லை. ஆவடியில் இடுப்பளவு தண்ணீர் என்று யாரோ வீடியோ அனுப்பினார்கள், அது நம் தெருவா என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இஸ்மாயில் என் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். "பாத்துகினே இருந்தா தண்ணி வடிஞ்சிருமா அண்ணாத்தே? துன்னு மொதல்ல" என்று சோற்றைத் தள்ளினார்.

மூன்றாம் நாள் சுரேகா மகன் போனிலிருந்து நீ பேசினாய். "நான் நல்லாருக்கேன், கரண்ட்தான் இல்ல" என்றாய். எனக்கு அங்கேதான் அடி விழுந்தது. தலைக்கு மேல் அத்தனை பேனலை வைத்துக்கொண்டு நீ மெழுகுவர்த்தியோடு உட்கார்ந்திருக்கிறாய். தெருவில் கரண்ட் போனால் நம் சோலாரும் நின்றுவிடும், கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக. எனக்கு இது தெரியும். தெரிந்தும், செலவு கூடும் என்று பேட்டரி வேண்டாம் என்றேன்.

செல்வகுமாரிடம் பேசிவிட்டேன். பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் இரண்டரை லட்சம் ஆகும். போட்டுவிட்டால் ஊரே இருட்டானாலும் நம் வீட்டில் விளக்கு எரியும். இங்கே அடுத்த மே மாதத்துக்கு மேல் இன்னும் ஒரு வருஷம் தருகிறார்கள். ஒரே ஒரு வருஷம், ராணி.

சம்பத்

*

சேக்காடு
2 ஜனவரி 2025

காவ்யா அப்பாவுக்கு,

வேண்டாம்.

முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் கடைசிவரை படிக்காமல் பணம் அனுப்பிவிடுவீர்கள். பேட்டரி வேண்டாம். செல்வகுமார் அதைத் தூக்கிக்கொண்டு வந்தால் கேட்டைத் திறக்க மாட்டேன். அவனிடமும் சொல்லிவிட்டேன். "இன்னாக்கா, அண்ணன் ஆசப்பட்றாரு" என்றான். "அந்த ஆசைக்கு ஒரு வர்ஷம் ஆவுதுடா, உனக்கு இன்னா" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான்.

நிலம் வாங்க மூன்று வருஷம் போனீர்கள். வீடு கட்ட நாலு வருஷம். காவ்யா படிப்புக்கு, கல்யாணத்துக்கு, அப்புறம் சோலாருக்கு. ஒவ்வொன்றும் நல்லதுக்குத்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. இப்போது இரண்டு நாள் இருட்டுக்காக இன்னொரு வருஷமா? வருஷத்தில் எத்தனை நாள் அப்படிக் கரண்ட் போகிறது? மிச்ச நாளெல்லாம் விளக்கு எரிகிறது. எரிந்து என்ன?

மழை நாளில் நான் பயந்துபோய் உட்கார்ந்திருக்கவில்லை. அதையும் தெரிந்துகொள்ளுங்கள். சந்துக்குள் தண்ணீர் ஏறியதும் சுரேகா, அவள் மகன், பிள்ளைத்தாய்ச்சி மருமகள் கனிமொழி, பக்கத்துக் குடித்தனத்துப் பொன்னியம்மா எல்லாரும் நம் மேல்மாடிக்கு வந்துவிட்டார்கள். காவ்யாவின் கட்டிலில் கனிமொழி படுத்தாள். கேஸ் அடுப்பில் ஒரு பெரிய குண்டான் நிறையக் கஞ்சி வைத்தேன். பொன்னியம்மா பேனல் இருக்கும் திசையைப் பார்த்துக் கையை ஆட்டி, "மேல இவ்ளோ கண்ணாடிய வச்சிகினு ஒரு லைட்டுகூட எரியலியே, இன்னா சோலாரு இது?" என்று திட்டியதில் எல்லாரும் சிரித்தோம். மெழுகுவர்த்தி போதுமாக இருந்தது. இந்த வீட்டில் அத்தனை பேர் சிரித்துப் பல மாதம் ஆகிறது.

நீங்கள் மட்டும்தான் இல்லை. இரண்டரை லட்சம் பேட்டரி அதற்கு ஒன்றும் செய்யாது.

ராணி

*

சோஹார்
2 மார்ச் 2025

ராணிக்கு,

ஒப்பந்தத் தாள் என் பெட்டியில் இருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டேன் என்றும் எழுத முடியவில்லை.

உனக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பேட்டரி ஒரு சாக்குதான். எனக்கு வந்து இறங்கப் பயமாக இருக்கிறது. நாற்பத்தொன்பது வயதாகிறது. இங்கே என்னைக் கேட்காமல் ஒரு மெஷினை ஓட்ட மாட்டார்கள். அங்கே வந்தால் யார் வேலை கொடுப்பார்கள்? லீவில் வருகிறவனுக்கு மீன் குழம்பு வைப்பாய். நாளெல்லாம் வீட்டில் உட்கார்ந்திருக்கிறவனை எத்தனை நாள் தாங்குவாய்? பதினொரு வருஷமாக நான் அனுப்புகிற பணம்தான் நான். அது நின்றுபோனால் அந்த வீட்டில் எனக்கு என்ன வேலை என்று எனக்கே தெரியவில்லை.

இளைத்தது ஏன் என்று கேட்டாய். நோய் ஒன்றும் இல்லை. சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, மாத்திரை போடுகிறேன். தூக்கமும் குறைவு.

இப்போதெல்லாம் மத்தியானத்தில் சிவப்புக் கோடு மேலே போகிறது. பதினொன்றுக்கு ஏறி நாலு மணிவரை இறங்குவதே இல்லை. ஏ.சி. போடுகிறாய் போல. சந்தோஷம். ஆனால் ஒருத்திக்கு இவ்வளவு ஆகாதே. யார் வந்திருக்கிறார்கள்?

சம்பத்

*

சேக்காடு
14 மார்ச் 2025

காவ்யா அப்பாவுக்கு,

சொல்கிறேன்.

கனிமொழிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாசி பிறந்ததுமே இந்த வருஷம் வெயில் பிடித்துக்கொண்டது. அவர்கள் வீட்டுத் தகர ஷீட்டுக்குக் கீழே போய்ப் பார்த்தேன், அடுப்புக்குள் தலையை விட்டதுபோல இருந்தது. குழந்தை உடம்பெல்லாம் வேர்க்குரு. அழக்கூடத் தெம்பு இல்லை. உங்கள் அப்பா அட்டையால் வீசினாரே, அது என் கண்ணுக்கு முன்னால் வந்தது. குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். "ஊட்ல கரண்ட் சும்மா தெருவுல போய்கினு கீது, வாடி" என்றேன்.

மறுநாள் அவளோடு பொன்னியம்மா வந்தாள். அப்புறம் எதிர்ச் சந்து லைன் வீட்டிலிருந்து இரண்டு பேர், கைக்குழந்தைகளோடு. இப்போது தினமும் பதினொரு மணிக்கு மேல்மாடி ஹாலில் பாய் போட்டுவிடுகிறோம். இருபத்தேழில் ஏ.சி. ஓடுகிறது. ஒருத்தி பூக் கட்டுகிறாள், ஒருத்தி முருங்கைக்கீரை ஆய்கிறாள், பொன்னியம்மா குறட்டை விடுகிறாள். நாலு மணிக்கு வெயில் தாழ்ந்ததும் பாயைச் சுருட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். வெயில் உச்சியில் இருக்கிற நேரம்தானே பேனலும் அதிகம் கொடுக்கிறது. ஈ.பி.க்குப் போவது குறைந்துவிட்டது.

செல்வகுமார் பேனல் கழுவ வந்தவன் ஹாலை எட்டிப் பார்த்துவிட்டான். "இன்னாக்கா இது, யாரும் காசு குட்க்கறாங்களா?" என்றான். இல்லை என்றேன். "அப்ப போட்ட காச எட்க்கவே மாட்டியா?" என்றான். "எட்த்துகினுதான்டா கீறேன்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும்.

உங்கள் பயத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பும் பணம்தான் நீங்கள் என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? பணத்துக்கா நான் மோட்டார் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நின்றேன்? நாளெல்லாம் வீட்டில் உட்காருங்கள். சண்டை போடுவோம். மீன் குழம்பு தினமும் வைக்க மாட்டேன், அது நிச்சயம்.

வாருங்கள் என்று இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. பதினொரு வருஷம் சொல்லியும் சொல்லாமலும் பார்த்துவிட்டேன். தாள் உங்கள் பெட்டியில், பேனா உங்கள் கையில்.

ராணி

*

சோஹார்
28 மார்ச் 2025

ராணிக்கு,

தாளை இன்று காலை திருப்பிக் கொடுத்துவிட்டேன். கையெழுத்துப் போடவில்லை.

மேனேஜர் சம்பளம் கூட்டித் தருகிறேன் என்றார். ஊரில் ஆள் காத்திருக்கிறது என்று சொன்னேன். வெளியே வந்ததும் இஸ்மாயில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவருக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் ஆள் கேட்கிறார்கள். போனில் பேசினேன், வரச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே வாங்குவதில் மூன்றில் ஒரு பங்கு. கிடைக்கும் என்று நிச்சயமும் இல்லை. இரண்டையும் எழுதிவிட்டேன், அப்புறம் சொல்லவில்லை என்று சொல்லாதே.

என் தங்கையை நினைத்துக்கொண்டே உன் கடிதத்தைப் படித்தேன். அந்த ஹாலில் அப்பா ஒரு மத்தியானம் படுத்துத் தூங்கியிருக்கலாம்.

மே பத்தாம் தேதி காலை வந்து இறங்குகிறேன்.

சம்பத்

*

சேக்காடு
10 மே 2025

காவ்யா அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. விமான நிலையத்தில் உங்கள் கையிலேயே கொடுப்பேன். காரில் ஏறுவதற்கு முன்பே படித்துவிடுங்கள், ஏறினால் வண்டி ஓட்டுகிற செல்வகுமார் கண்ணாடியில் பார்ப்பான்.

நேரில் என்னால் இதையெல்லாம் பேச முடியாது. உங்களைப் பார்த்ததும் ஏதாவது குறைதான் சொல்லப்போகிறேன். ஏன் இவ்வளவு கறுத்துவிட்டீர்கள், இந்தப் பெட்டி எதற்கு, மாத்திரை போட்டீர்களா என்று. அதைக் கோபம் என்று நினைக்காதீர்கள். இத்தனை வருஷமாக லீவு முடியும் தேதியைத் தெரிந்துகொண்டேதான் உங்களை வரவேற்றிருக்கிறேன். தேதி இல்லாமல் ஒருவரை எப்படி வரவேற்பது என்று எனக்குத் தெரியவில்லை. வழியில் கற்றுக்கொள்கிறேன்.

காவ்யாவும் மாப்பிள்ளையும் நேற்றே வந்துவிட்டார்கள். மத்தியானம் சுரேகா கூட்டமும் வரும். இன்று வர வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "அண்ணன நாங்க பாக்க வோணாமா?" என்று சண்டைக்கு வருகிறார்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்களை எனக்குத் தெரியும். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றாமல் நேராக மொட்டைமாடிக்கு ஏறுவீர்கள். ஒவ்வொரு பேனலாகத் தொட்டுப் பார்த்து, போல்ட்டைத் திருகி, தூசி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே கீழே இறங்க ஒரு மணி நேரம் ஆகும்.

ஏறாதீர்கள். முதலில் கையைக் கழுவிவிட்டு என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நான் உங்களைப் பார்த்து முடித்த பிறகு மாடிக்குப் போகலாம். பேனல் இருபத்தைந்து வருஷம் எங்கேயும் போகாது.

ராணி